வாட் மோகம்

என் நண்பர் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கைக்கு வந்த பிராவிடண்ட் பண்டில் கொஞ்சம் எடுத்து, முப்பது வருஷ ஆசையைத் தீர்த்துக்கொண்டார்: குழல் வைத்த பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு. அவற்றுக்கு ஆம்ப்ளிஃபையர் கேட்டு ஒரு கடைக்குப் போனார். "பெரிய ஸ்பீக்கருக்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர்தான் ஸார்" என்று 200 வாட்டைத் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். வீணை இசைத்தட்டு. மீட்டிய ஸ்வரம் தேய்ந்து மறைய வேண்டிய இடத்தில் 'உஸ்' என்று ஒரு சீறல். திருகியை மயிரிழை கூட்டினால் வீடு அதிர்கிறது. மயிரிழை குறைத்தால் இடது பக்கம் ஊமையாகிறது. நண்பர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கடைக்காரர் சொன்னது பார வண்டிக்குப் பொருந்தும் நியாயம்: சுமை பெரிதானால் மாடும் பெரிதாக வேண்டும். ஸ்பீக்கர் விஷயம் வேறு. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதுதான் அதன் உணர்திறன். வீட்டுச் சிறு பெட்டிகளில் 84 டெசிபல் தருபவை உண்டு. நண்பருடையது 104. இருபதுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். பத்து டெசிபல் ஏறினால் மின்சக்தியில் பத்து மடங்கு என்று அர்த்தம். அந்தச் சிறு பெட்டி 100 வாட் குடித்துப் போடும் சத்தத்தை இது 1 வாட்டில் போட்டுவிடும். நிதானமாகக் கேட்க அந்த ஒரு வாட்டிலும் சிறு பின்னம் போதும். மிருதங்கம் முழங்கும் கணத்துக்குச் சில வாட். ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலையும் அதே தாராளத்தோடு வெளியே கொட்டிவிடும் என்பதுதான் கஷ்டம்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1930-களில் அமெரிக்காவின் சிறு சினிமாக் கொட்டகைகளுக்காக வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் செய்த 91-ஏ ஆம்ப்ளிஃபையரின் சக்தி சுமார் 8 வாட். கொட்டகையை நிரப்பியது குழல் ஸ்பீக்கரின் உணர்திறன்.

பெரிய ஆம்ப்ளிஃபையரே பாவம் என்று நான் சொல்லவில்லை. 84 டெசிபல் பெட்டிக்கு அது வேண்டும். அங்கே 8 வாட்டை வைத்து முறுக்கினால் பாட்டு நசுங்கிப்போகும். இரைச்சலே இல்லாத 200 வாட்டும் உண்டு. ஆனால் கடையில் இரைச்சலைப் பற்றி யார் விசாரிக்கிறார்கள்? "எத்தனை வாட்?" என்றுதானே கேட்கிறோம்? கேட்ட எண்ணை அவர்கள் விற்கிறார்கள். கச்சேரிக்குப் போகுமுன் பாடகரின் எடையை நாம் விசாரிப்பதில்லை. இங்கே மட்டும் விசாரிக்கிறோம்.

இப்போது நண்பரின் ஸ்பீக்கர்கள்மேல் பழைய போர்வை கிடக்கிறது. மாலையில் அவர் பத்திரிகை படிக்கிறார்.

நீங்கள் வாங்கப்போனால் உங்கள் ஸ்பீக்கரையும் எடுத்துப் போங்கள். ஆம்ப்ளிஃபையரை ஓடவிட்டு, பாட்டு எதுவும் போடாமல், ஸ்பீக்கரில் காதை வையுங்கள். கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.