கஞ்சாவும் காக்காய் வலிப்பும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

கஞ்சா என்ற சொல்லைக் கேட்டதுமே நம் முகம் சுளிக்கிறது. காவல் நிலையமும் சிறைக் கம்பியும் கண்முன் தோன்றுகின்றன. எத்தனையோ இளைஞர்களின் வாழ்வைப் பாழாக்கிய போதைப் பொருள் அன்றோ அது! ஆனால் அதே செடியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள், இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில கொடிய வலிப்பு நோய்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்தாகிவிட்டது. இதைக் கேட்போர் இரு வகையினர். "கஞ்சாவா? சீச்சீ!" என்று ஒதுக்குவோர் ஒரு வகை. "பார்த்தாயா மூலிகையின் மகிமையை!" என்று துள்ளுவோர் மற்றொரு வகை. இரு சாராரும் அவசரப்படுகிறார்கள் என்பதே என் கருத்து.

மூளையின் நரம்பணுக்களில் ஓடும் மின்துடிப்புகள் திடீரென ஒழுங்கு தவறிப் பொங்கும்போது வலிப்பு வருகிறது. இது பேயுமன்று, முன்வினையுமன்று, தொற்றுநோயுமன்று. உலகில் சுமார் 5 கோடி மக்களுக்கு இந்நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 100க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் சொல்கிறது. 1912இல் பயன்பாட்டுக்கு வந்த பினோபார்பிட்டால் மாத்திரை இன்றும் மலிவாகக் கிடைத்துப் பலரைக் காக்கிறது. எஞ்சிய 30 பேர்? எந்த மாத்திரைக்கும் அடங்காத அந்த வலிப்புகளுக்காகத்தான் விஞ்ஞானிகள் புது மருந்து தேடுகிறார்கள்.

இந்தத் தேடலின் முதல் ஏடுகளில் ஒன்று நம் நாட்டிலேயே எழுதப்பட்டது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஷானசி என்னும் அயர்லாந்துக்காரர், 1839இல் இந்தியக் கஞ்சாவைப் பற்றி ஓர் ஆய்வுரை அளித்தார். முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். பிறந்து 40 நாளே ஆன ஒரு குழந்தையின் வலிப்பு அம்மருந்தால் தணிந்ததையும் எழுதி வைத்தார். ஆயினும் ஒரு குழந்தை பிழைத்தது போதிய சான்றாகுமா? மேலும், ஒரு புட்டியிலிருந்த சாற்றின் வீரியம் மறு புட்டியில் இல்லை. எத்தனை சொட்டு என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. நாளடைவில் மருத்துவர்கள் அதைக் கைவிட்டனர்.

இங்கேதான் வேதியியல் கை கொடுத்தது. இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானி ரபேல் மெக்கூலமும் அவருடைய குழுவினரும் 1963இல் கன்னாபிடியால் என்ற பொருளின் அமைப்பைக் கண்டறிந்தனர். 1964இல் போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினாலைத் தனியே பிரித்து அதன் அமைப்பையும் கண்டனர். இவ்விரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே! 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். அணுக்கள் இணைந்திருக்கும் முறையில் மட்டுமே வேறுபாடு. ஒன்று அறிவை மயக்குகிறது. மற்றொன்று அப்படி மயக்குவதில்லை. வகுப்பில் மாற்றியங்கள் என்று நாம் மனப்பாடம் செய்யும் பாடம், ஒரு குழந்தையின் உயிரோடு தொடர்புடையது என்பதை எண்ணினால் மெய் சிலிர்க்கிறது.

1980இல் பிரேசில் நாட்டில், மாத்திரைக்கு அடங்காத வலிப்பு உடைய 15 பேரை வைத்துச் சோதனை செய்தார்கள். கன்னாபிடியால் பெற்ற 8 பேரில் 4 பேர் ஏறக்குறைய வலிப்பின்றி இருந்தனர். 3 பேருக்கு ஓரளவு குணம் தெரிந்தது. வெறும் மாத்திரை பெற்றவர்களில் ஒருவருக்கே முன்னேற்றம். ஆனால் 15 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. 2017இல்தான் பெரிய சோதனையின் முடிவு வெளிவந்தது. டிராவே என்னும் கொடிய வலிப்பு நோயுடைய 120 சிறுவர்களும் இளைஞர்களும் அதில் பங்கேற்றனர். கன்னாபிடியால் பெற்றவர்களுக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆகக் குறைந்தது. மருந்தில்லாத வெறும் திரவம் பெற்றவர்களுக்கு 14.9 என்பது 14.1 ஆனது. இதுபோன்ற சோதனைகளின் பேரில் 2018 ஜூனில் அமெரிக்க அரசு அம்மருந்தை அனுமதித்தது.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். வலிப்பு பாதியாகக் குறைந்ததே தவிர, பெரும்பாலோருக்கு அடியோடு நிற்கவில்லை. தூக்கக் கலக்கமும் வயிற்றுப்போக்கும் வந்தன. சிலருக்கு ஈரலும் பாதிப்புற்றது. எல்லாவற்றிலும் முக்கியமானது, அவர்கள் பழைய மாத்திரைகளை நிறுத்தவில்லை. அவற்றோடு சேர்த்தே புது மருந்தை உட்கொண்டார்கள்.

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் வலிப்பு நோயால் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்ட பெண்ணொருத்தி இருக்கிறாள். வலிப்பு வந்தால் இன்றும் அவள் கையில் இரும்புச் சாவியைத்தான் திணிக்கிறார்கள். "கஞ்சாவுல இதுக்கு மருந்து இருக்காமே, நீ படிக்கிற பிள்ளையாச்சே, நெசந்தானா தம்பி?" என்று அவள் தாய் என்னைக் கேட்டார். நம்மில் பலர், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஊர் நம்மைத்தான் கேட்கும். "ஆமாம்" என்று ஒரு சொல்லில் முடித்தால், அந்தத் தாய் மாத்திரையை நிறுத்திவிட்டு இலையைத் தேடிப் போகக்கூடும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே உலை வைக்கும். "இல்லை" என்று முடித்தாலோ அது பொய்யாகும். ஆகவே, "மருந்து இருக்கிறது அம்மா, சில வகை வலிப்புக்கு மட்டும். தெருவில் விற்கும் கஞ்சாவில் அதன் அளவு யாருக்கும் தெரியாது. மாத்திரையை விடாதீர்கள், நரம்பு மருத்துவரைப் பாருங்கள்" என்று முழுவதையும் சொன்னேன்.

நம் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டமே மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் இடம் விட்டிருக்கிறது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் ஆணையம், மிகக் கடுமையான தடைப் பட்டியலிலிருந்து கஞ்சாவை 27க்கு 25 என்ற வாக்கில் நீக்கியபோது, இந்தியா ஆதரித்தே வாக்களித்தது. ஜம்முவிலுள்ள மத்திய அரசு ஆய்வுக் கூடத்தில் இச்செடியைப் பற்றி ஆராய்ச்சியும் நடக்கிறது. அமெரிக்காவில் இம்மருந்து விற்பனைக்கு வந்தபோது ஓராண்டுச் செலவு ஏறத்தாழ 32,500 டாலர். அந்த விலையைக் கூலித் தொழிலாளி கனவிலும் எண்ண முடியுமா? நம் மருத்துவக் கல்லூரிகளே சோதனை நடத்தி, நம் மக்களுக்கு எட்டும் விலையில் தர முன்வர வேண்டும். அதுவரை, பழைய மாத்திரைகளாவது ஒரு நாளும் தட்டுப்பாடின்றிக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்க வேண்டும். வருமானம் குறைந்த நாடுகளில் வலிப்பு நோயாளிகளில் நான்கில் மூவருக்கு வேண்டிய சிகிச்சையே கிட்டவில்லை என்பதை மறக்கலாகாது.

மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், மிகுதலும் குறைதலும் நோய் செய்யும் என்றார். செடியைப் பழிப்பதும் வேண்டாம், போற்றுவதும் வேண்டாம். அளந்து பார்ப்போம், அளந்ததை மறைக்காமல் ஊருக்குச் சொல்வோம். அறிவியல் பயிலும் நம் கடமை அதுவே.