காரைக் கீறியவன் யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். இது காரைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை.

தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பதற்குப் பெயர் சுத்தம் செய்வது இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. இதைத்தான் நம் ஊரில் பாதிப்பேர் தினமும் காலையில் காசு கொடுத்துச் செய்யச் சொல்கிறோம். பிறகு பெயின்ட் போச்சே என்று கத்துகிறோம்.

நான் மெக்கானிக் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பத்து நாலு வருஷம் தொடக்கப்பள்ளியில் பாடம் எடுத்தவன். ஆனால் இதைப் புரிந்துகொள்ள ஐந்தாம் வகுப்பு அறிவியலே போதும். கார் தகட்டின் மேல் முதலில் பிரைமர், அதன் மேல் வண்ணம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத ஒரு பூச்சு. அதைக் கிளியர் கோட் என்கிறார்கள். பளபளப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன்கூடத் தேறாது. தூசியில் இருப்பதோ மணல் துகள். மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். பிளாஸ்டிக் போன்ற இந்தப் பூச்சு அதற்கு எம்மாத்திரம்?

கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். யாரும் ஆணி வைத்துக் கிழித்ததில்லை. அத்தனையும் துணி போட்ட கோடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அடுக்ககத்தில் 22 கார்களைத் துடைக்க ஒரு தம்பி வருகிறான். ஒரு காருக்கு மாதம் 500 ரூபாய். போன வாரம் ஒருவர் தன் காரின் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, பையன் கீறிவிட்டான், மூன்று மாதக் காசைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன் என்று எழுதினார். கீழே ஆறேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். படித்தவர்கள், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள்.

அவர்களுக்கு ஒரு கணக்கு. தம்பி வருவது காலை ஐந்தரைக்கு. எட்டரைக்குள் எல்லாக் காரும் முடிய வேண்டும். மூன்று மணி நேரம், 180 நிமிடம். 22 ஆல் வகுத்தால் ஒரு காருக்கு எட்டு நிமிடம். அவனுக்கு நாம் கொடுத்திருப்பது ஒரே வாளி, யாரோ கழித்துப்போட்ட ஒரு பனியன் துணி. ஐந்தாவது காருக்கு வரும்போதே வாளியில் இருப்பது சேற்றுத் தண்ணீர். கடைசிக் காருக்கு மற்ற 21 காரின் மண்ணும் போய்ச் சேர்கிறது. தண்ணீர் கூடுதலாகக் கேட்டால் செக்யூரிட்டியை விட்டு விரட்டுகிறோம். இப்போது சொல்லுங்கள், கீறியவன் யார்?

பாலீஷ் போட்டால் கோடு போய்விடும் என்பார்கள். போகும். அந்தப் பூச்சையே கொஞ்சம் சீவி எடுத்துத்தான் போகும். எத்தனை முறை சீவுவீர்கள்? ஆயிரக்கணக்கில் செலவழித்து செராமிக் கோட்டிங் போட்டிருக்கிறேன் என்பவருக்கும் சொல்கிறேன். மண் ஒட்டிய துணியால் தினமும் தேய்த்தால் அதிலும் கோடு விழும்.

சரியான முறை என்ன? பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

காரை நிழலில் நிறுத்துங்கள், பானட் சூடு ஆறட்டும். முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மண்ணை இறக்குங்கள். அதுவரை துணி காரைத் தொடவே கூடாது. பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். நல்ல தடிமனான மைக்ரோஃபைபர் துணியை ஷாம்பு வாளியில் முக்கிக் கூரையில் தொடங்குங்கள். அழுத்தாமல், வட்டமடிக்காமல், நேர்கோட்டில் இழுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். கூரை, கண்ணாடி, பானட், கதவின் மேல்பாதி, கடைசியில் கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும். சக்கரத்துக்குத் தனித் துணி. தரையில் விழுந்த துணியை அலசாமல் எடுத்துக் காரில் வைக்காதீர்கள். கழுவியதும் உலர்ந்த மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள்.

பறவை எச்சம் விழுந்தால் மட்டும் வாரக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். வெயில் ஏற ஏற அது பூச்சை அரிக்கும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் அதன் மேல் போட்டு ஊறவைத்துத் தூக்கி எடுங்கள், சுரண்டாதீர்கள்.

இனி நம் ஊர் வைத்தியங்கள். டீசல் போட்டுத் துடைத்தால் மின்னும் என்பது எண்ணெய் மினுக்கு. மறுநாளே இருமடங்கு தூசியை இழுக்கும், ரப்பர் பீடிங்கைக் கெடுக்கும். துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் காரில் போட்ட மெழுகுப் பூச்சை எடுத்துவிடும். ஆர்.ஓ. கழிவு நீரில் கார் கழுவுங்கள் என்று ஒரு பார்வர்டு சுற்றுகிறது. தண்ணீரை மிச்சம் பிடிக்கும் எண்ணம் நல்லதுதான். ஆனால் உப்பெல்லாம் திரண்டு நிற்பது அந்த நீரில்தான். காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். போர் தண்ணீரும் பல இடங்களில் அப்படித்தான். உப்பு நீரை ஊற்றினால் காயவிடாமல் உடனே ஒற்றிவிடுங்கள். கடைசி அலசலுக்கு மழைநீரோ ஏ.சி.யில் சொட்டும் நீரோ இருந்தால் உத்தமம், அதில் உப்பு அநேகமாகக் கிடையாது.

தண்ணீருக்கு எங்கே போவது என்று அசோசியேஷனில் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. 2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். நான் சொல்லும் முறைக்கு ஒரு காருக்கு நாலு வாளி, 60 லிட்டர் போதும், வாரத்துக்கு ஒருமுறை. ஞாயிற்றுக்கிழமை ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் போன் பேசுகிறவர்கள் எத்தனை லிட்டர் விடுகிறார்கள் என்று முதலில் கணக்குக் கேளுங்கள்.

தினமும் துடைக்காவிட்டால் கார் அசிங்கமாக இருக்குமே? இருக்கட்டும். சும்மா படிந்திருக்கும் தூசி பெயின்டை ஒன்றும் செய்யாது. தேய்த்தால்தான் கேடு. பார்வைக்கு வேண்டுமானால் கண்ணாடியை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

22 காரை வாரத்தின் ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு நாலு கார். அதே மூன்று மணி நேரத்தில் ஒரு காருக்கு 45 நிமிடம் கிடைக்கிறது. எட்டு நிமிடம் எங்கே, 45 நிமிடம் எங்கே! தம்பியின் நேரம் அதேதான், எனவே 500 ரூபாயும் அதேதான். தினமும் வரவில்லையே என்று அதில் கைவைக்கக் கூடாது. இரண்டு வாளியும் ஒரு டஜன் துணியும் ஷாம்புவும் அசோசியேஷன் வாங்கித் தரட்டும். மொத்தச் செலவை 22 வீடு பகிர்ந்தால் ஒரு வீட்டுக்கு ஒருவேளை ஹோட்டல் டிபன் காசுதான் ஆகும்.

கருவியும் கொடுக்காமல், நேரமும் கொடுக்காமல், முறையும் சொல்லித் தராமல், பரீட்சையில் மட்டும் நூறு மார்க் எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? பள்ளிக்கூடத்தில் நான் அப்படிச் செய்திருந்தால் பெற்றோர் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். இந்தத் தம்பிக்காகக் கேட்க யாரும் வரவில்லை, அதனால் நான் கேட்கிறேன். 1,500 ரூபாயைப் பிடிக்காதீர்கள். அது அவன் வீட்டு அரிசிக் காசு.

யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும். உங்கள் அடுக்ககத்தில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கட்டைவிரல் தூக்கியவர்களுக்கு இதைத் தாராளமாக அனுப்பலாம், என் பெயரோடே.