கண்டன அறிக்கை: எழுபது மாணவிகளின் பெறுபேறுகளை உடனே வெளியிடுக

ஆனையிறவு,
2024 ஜூன்

திருகோணமலை சாஹிரா கல்லூரியில் உயர்தரப் பரீட்சை எழுதிய எழுபது மாணவிகளின் பெறுபேறுகள் நிறுத்திவைக்கப்பட்டிருப்பதை ஆனையிறவு வட்டாரப் பெற்றோர்களாகிய எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. ஜனவரியில் எழுதிய பரீட்சை. மே 31 ஆம் திகதி நாடெங்கும் பெறுபேறு வந்தது, இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் வரவில்லை. முக்காட்டால் காதை மறைத்திருந்தார்கள் என்பதே சொல்லப்படும் காரணம்.

காதுக்குள் கருவி ஒளித்துவைக்கலாம் என்ற பயத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. சந்தேகம் வந்தால் ஒரு பெண் மேற்பார்வையாளர் பிள்ளையைத் தனியே கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு உள்ளே விட இரண்டு நிமிடம் போதும். எல்லாப் பாடமும் எழுதவிட்டு, விடைத்தாளை வாங்கிக் கட்டி அனுப்பிவிட்டு, நான்கு மாதம் கழித்துப் பெறுபேற்றைப் பிடித்துவைப்பது சோதனை அல்ல, தண்டனை. அதுவும் பார்த்தெழுதியதற்கு அல்ல, உடுத்தியதற்கு.

பரீட்சைக்குப் போகும் காலை எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும். உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் தாய் விடியமுன் எழும்பிப் பிட்டு அவித்துக் கட்டிக் கொடுப்பாள். ஏ9 வீதியில் பஸ்சுக்கு நிற்கிற பிள்ளையின் நெற்றியில் திருநீறு, மணிக்கட்டில் கோயில் நூல். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கழுத்தில் செபமாலை. திருநீற்றை அழி, நூலை அறு என்று மண்டப வாசலில் எவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அன்றைக்கு என்னத்தை எழுதியிருக்கும்?

சாஹிரா முஸ்லிம் பாடசாலை, அதே ஊரின் ஸ்ரீ சண்முகா மகளிர் கல்லூரி இந்துப் பாடசாலை என்று நாம் வாய்க்கு வந்தபடி பிரிக்கிறோம். இரண்டும் அரச பாடசாலைகள். 1960 இலும் 1961 இலும் வந்த சட்டங்களால் மிசன் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் அரசின் கைக்குப் போயின. யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் கல்லூரி போலச் சில மட்டும் அன்று தனியார் பாடசாலைகளாக நின்றன. அப்படி நிற்பவை தங்கள் சமயப்படி காலைப் பிரார்த்தனை வைக்கட்டும், விரும்பிய பெற்றோர் சேர்க்கட்டும். எல்லாருடைய வரிப்பணத்திலும் நடக்கும் பாடசாலையில், பெயர்ப்பலகை எதுவானாலும், பிள்ளையின் மனச்சாட்சியில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை. அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தை ஆளுக்கு ஆள் பார்த்துக் கொடுக்கவில்லை.

எங்கள் பிழையையும் இங்கே சொல்லவேண்டும். 2018 ஏப்ரலில் அதே திருகோணமலையில், ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரிக்கு முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததை எதிர்த்து வாசலில் நின்றவர்கள் எங்கள் தமிழ் ஆட்கள். 1923 இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை இந்துப் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்லூரி அது. அந்தப் பற்று எங்களுக்கும் விளங்கும். ஆனாலும் மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளுக்குச் சார்பாகவே பரிந்துரைத்தது. அன்று நாங்கள் வாய் திறக்கவில்லை. அதை ஒத்துக்கொள்ளாமல் இன்று சாஹிராப் பிள்ளைகளுக்காகப் பேச எங்களுக்கு முகமில்லை.

எங்கள் பகுதியிலும் குறை உண்டு. ஒரு பாடசாலையில் கிறிஸ்தவப் பாடம் படிப்பிக்க ஆளில்லை என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றைச் சைவநெறி வகுப்பில் இருத்தினார்கள். தவணைப் பரீட்சையில் அது பெயரை மட்டும் எழுதிவிட்டுத் தாளை வெறுமையாகக் கொடுத்தது. தாய் கேட்டதற்கு, "எழுதினா சேர்ச்சில ஏசுவினம், எழுதாட்டி ரீச்சர் ஏசுவா" என்றது. சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். பதினொரு வயதுப் பிள்ளையை இந்த இடுக்கில் நிறுத்தியது பிள்ளையின் குற்றமா?

பரீட்சைகள் ஆணையாளர் நாயகம் எழுபது பெறுபேறுகளையும் உடனே வெளியிடவேண்டும். இசட் புள்ளி தெரியாமல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது, திரும்ப எழுதுவதா என்று தீர்மானிக்கவும் முடியாது. முக்காடு பற்றிய விதி என்னவோ அதை அடுத்த பரீட்சைக்கு முன்னரே தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தில் தரவேண்டும். சோதிப்பதானால் பெண்களே சோதிக்கவேண்டும். எங்கள் சிறிய பாடசாலைகளுக்குக் கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் படிப்பிப்போரை வாரத்தில் ஒரு நாளாவது வலயக் கல்விப் பணிமனை அனுப்பவேண்டும். ஆள் வரும்வரை எந்தப் பிள்ளையையும் வேறு சமயப் பாடத்தில் இருத்தக்கூடாது.

இந்த அறிக்கையின் பிரதிகள் கல்வி அமைச்சுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் சாஹிரா கல்லூரி மாணவிகளின் பெற்றோருக்கும் அனுப்பப்படுகின்றன.

தலைவர், செயலாளர்
பெற்றோர் சங்கம், ஆனையிறவு