காரில் கை வைக்கலாம்

"நீங்களா எதுலயும் கை வச்சிடாதீங்க சார்." புதுக் காரின் சாவியைக் கொடுக்கும்போதே ஷோரூமில் இதைச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு சர்வீஸ் சென்டரில், அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில், சொந்தக்காரர் வீட்டில் என்று எல்லோரும் அதையே சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த அறிவுரைக்குத் துணையாக அடுக்கும் காரணங்களில் சில பாதி உண்மை, சில உண்மையே இல்லை. அவற்றை அப்படியே நம்பியதால், பானெட்டைத் திறக்கும் லீவர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

முதலில் சொல்லும் காரணம், "அம்பாசிடர், பத்மினி காலத்துல முடிஞ்சுது. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்." நிலைமை இதற்கு நேர்மாறு. கார்புரேட்டரை டியூன் செய்யவும், காண்டாக்ட் பாயின்ட்டில் சரியான இடைவெளி வைக்கவும் பழகிய காதும் கையும் வேண்டும். பட்டறையில் பல வருடம் நின்றவருக்கே அது வரும். இன்றைய கார் தன் கோளாறைத் தானே பதிந்து வைத்துக்கொள்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனரை அதில் செருகினால், பதிந்திருப்பதை உங்கள் போனிலேயே படிக்கலாம்.

செக் என்ஜின் விளக்கு எரிகிறது, வண்டி ஐடிலில் உதறுகிறது, ஸ்கேனர் பி0301 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். கோட் இடத்தைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது. இக்னிஷன் காயிலா, ஸ்பார்க் ப்ளக்கா, இன்ஜெக்டரா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள பெட்ரோல் கார் என்றால் வழி சுலபம். இன்ஜின் நன்றாக ஆறட்டும். இக்னிஷனை அணைத்துவிட்டு, முதல் காயிலின் கனெக்டரைப் பிடுங்கி, அதைப் பிடித்திருக்கும் ஒரே போல்ட்டைக் கழற்றினால் காயில் மேலே உருவிக்கொண்டு வந்துவிடும். பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். அதை இரண்டாவது சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றிப் பூட்டி, பழைய கோடை அழித்துவிட்டு, வண்டியைச் சற்று நேரம் ஓடவிடுங்கள். இப்போது பி0302 வந்தால் கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. மாற்ற வேண்டியது அந்த ஒரு காயில்தான். பழைய பி0301 திரும்பவும் வந்தால் காயில் நன்றாக இருக்கிறது, அடுத்துப் பார்க்க வேண்டியது ப்ளக். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் ஆகும். இதைச் செய்யாமல் போகிறவரிடம் "செட்டா மாத்திடலாம் சார்" என்று சொன்னால், அவரால் மறுத்துப் பேச முடியாது.

அடுத்தது வாரண்டி. "கை வச்சா வாரண்டி போயிடும்" என்ற ஒரே வரியில் பலரும் அடங்கிவிடுகிறார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. மேல்முறையீடுகள் நடந்தன. அந்த உத்தரவு பேசியது வெளி மெக்கானிக்குகளைப் பற்றி, வீட்டில் ஸ்பேனர் எடுப்பவரைப் பற்றி அல்ல என்பதும் உண்மைதான். அதனால் வாரண்டி காலத்தில் சர்வீஸ்களைத் தவறாமல் கம்பெனியில் செய்துவிடுங்கள், காயிலைக் கழற்றும் வேலையையும் அவர்களுக்கே விட்டுவிடுங்கள். ஆனால் வைப்பர் ப்ளேடு, ஃப்யூஸ், பல்பு மாற்றுவதும், ஆயில், கூலன்ட் அளவு பார்ப்பதும், ஸ்டெப்னி மாட்டுவதும் எப்படி என்று காரோடு வரும் ஓனர்ஸ் மேனுவலிலேயே படம் போட்டிருக்கும். கம்பெனியே சொல்லித்தரும் வேலைக்கு அந்தக் கம்பெனியே வாரண்டியை மறுக்க முடியாது.

"உங்க ஒரு மணி நேரச் சம்பளத்தைக் கணக்குப் போட்டா மெக்கானிக்குக்குக் குடுக்குறதே லாபம்" என்பது படித்தவர்களுக்குப் பிடித்த வாதம். ஏசி ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். பல சிறிய கார்களில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே தொங்கும். பின்னால் தெரியும் சிறு மூடியின் கிளிப்பை நெம்பினால் ஃபில்டர் டிராயர் போல வெளியே வரும். காய்ந்த வேப்பிலை, கறுத்த தூசி, சில நேரம் எலி கடித்த பஞ்சு. புதியதில் காற்றின் திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும், பழையது இருந்த திசையிலேயே வைத்து மூடினால் வேலை முடிந்தது. ஸ்பேனரே தேவையில்லை, பத்து நிமிடம். இதையே சர்வீஸ் சென்டரில் செய்தால் வண்டியை விட்டு, போனுக்குக் காத்திருந்து, திரும்ப எடுத்து வருவதற்குள் சனிக்கிழமை போய்விடும். பில்லில் அதோடு த்ராட்டில் பாடி க்ளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், இன்ஜின் ஃப்ளஷ் என்று நீங்கள் கேட்காதவையும் ஏறியிருக்கலாம். எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துச் சொல்லப் பானெட்டைத் திறந்து பழகியிருக்க வேண்டும்.

எல்லா வேலையிலும் பணம் மிஞ்சும் என்று நான் சொல்ல மாட்டேன். இன்ஜின் ஆயிலை வீட்டில் மாற்றுவதில் பெரிய மிச்சம் இல்லை. கழித்த ஆயிலை மழைநீர்க் கால்வாயில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பெரும் தீங்கு. முறையாகக் கொடுக்க இடம் இல்லாதவர் அந்த வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடலாம்.

ஆபத்து என்ற வாதத்தில் நியாயம் அதிகம். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர், ஹைப்ரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு கேபிள், ஏசி கேஸ், பிரேக் லைன், ஸ்டீயரிங் இவற்றில் பழகாதவர் கை வைக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆனால் இந்த எச்சரிக்கைகளும் வண்டியைத் தெரிந்துகொள்வதில்தான் சேரும். தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னைக்காரர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023இல் மிக்ஜாம் புயலிலும் பார்த்தார்கள். தண்ணீரில் மூழ்கிய வண்டியை வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்து பார்ப்பதைவிடப் பெரிய தவறு இல்லை. காற்று போகும் வழியில் தண்ணீர் ஏறி சிலிண்டருக்குள் நின்றிருந்தால், பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு எடுக்காதவருக்கு அந்தச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் தராது. தெருவில் தண்ணீர் ஏறும் இரவில் எந்த மெக்கானிக்கும் வர முடியாது. மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்த வழியில்லை என்றால், பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருவதுதான் உரிமையாளரால் முடிந்தது. நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

கடைசிக் காரணத்தை யாரும் நேராகச் சொல்வதில்லை. பார்க்கிங்கில் கிரீஸ் கையோடு நிற்பவரைப் பார்த்து, "ஏன் சார், ஆள் கிடைக்கலையா?" என்று கேட்பதில் அது இருக்கிறது. கையை அழுக்காக்குவது நம்மைப் போன்றவர்களின் வேலை அல்ல என்ற எண்ணம் அது. அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டே "மெக்கானிக் பிழைப்பைக் கெடுக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். ஏசி ஃபில்டரை நாமே மாற்றுவதால் எந்தப் பட்டறையும் மூடிவிடாது. தெருமுனை மெக்கானிக்கை நெருக்குவது, கருவியையும் தகவலையும் கம்பெனிகள் பூட்டி வைப்பதுதான். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் வாகனத் துறையும் ஒரு பிரிவு. மெக்கானிக் மேல் அக்கறை உள்ளவர்கள், வொர்க்‌ஷாப் மேனுவல்கள் அவருக்குத் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்று அங்கே குரல் கொடுக்கட்டும்.

அவருடைய உண்மையான தொழில் கிளட்ச் இறக்குவது, இன்ஜின் பிரிப்பது, சஸ்பென்ஷன் சத்தம் பிடிப்பது. அதற்குக் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். "வண்டி ஒரு மாதிரி இருக்கு, பாருங்கண்ணே" என்று சாவியை நீட்டினால் அவர் பாதி நாள் ஓட்டிப் பார்த்துத் தேட வேண்டும். "இடது முன்பக்கம் அண்ணே, பள்ளத்துல மெதுவா இறங்கும்போது மட்டும் டொக்குன்னு கேட்குது, பிரேக் பிடிச்சா கேட்கல" என்று சொல்லிப் பாருங்கள். ஜாக்கியை எடுத்துக்கொண்டு நேரே லிங்க் ராட் பக்கம் போவார்.