அடுப்புப் புகை கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்குமா?

‘‘என் மருமகள் 5 மாத கர்ப்பிணி. விறகு அடுப்பில்தான் சமைக்கிறாள். பக்கத்துத் தோட்டத்தில் கரும்புச் சோகையையும் கொளுத்துகிறார்கள். இந்தப் புகை குழந்தையைப் பாதிக்குமா?’’

- வாசகி, விழுப்புரம் மாவட்டம்.

‘‘பாதிக்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கருவுக்குப் போகும் ஆக்ஸிஜன் குறையும். குழந்தை குறைமாதத்திலோ, 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறக்கும் வாய்ப்பு கூடும். தாய்க்கு ரத்தசோகை இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

பிரசவம் வரை அடுப்பு வேலையை வீட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நன்கு காய்ந்த விறகை, காற்றோட்டமான இடத்தில் எரியுங்கள். வெந்நீர் அடுப்புப் பக்கமும் அவரை விடாதீர்கள். புகையில் தலைவலி, தலைசுற்றல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு அழைத்துவந்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

பக்கத்துத் தோட்டக்காரரிடமும் பேசுங்கள். சோகையைக் கரும்பு வரிசைகளுக்கு இடையே மூடாக்காகப் போட்டால் ஈரம் காக்கும், களை குறையும், மட்கி உரமாகும். கொளுத்தினால் அவருக்கும் நஷ்டம்தான்.’’