லாபியில் சான்றிதழ், படிக்கட்டில் சங்கிலி

ஆணி ஜாஸ்தி, அதனால் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரமுடியலை. இன்னிக்கும் சும்மா மொக்கை போடலாம்னுதான் உக்காந்தேன். ஆனா மனசுல ரொம்ப நாளா ஒரு விஷயம் கிடக்கு. அதை எழுதி முடிச்சாதான் அடுத்த மொக்கைக்குப் போகமுடியும் போலிருக்கு.

முதல்ல கதை. ஒரு மார்ச் 31 ராத்திரி. வருஷக்கடைசி ரிலீஸ். நாங்க ஆறு பேர் ஆறாவது மாடியில் பொட்டி தட்டிக்கிட்டிருக்கோம். எங்க ஆபீஸ் இருந்த கட்டடம் ஒரு 'ஸ்மார்ட்' கட்டடம். லாபியில் நுழைஞ்சதும் கண்ணாடி ஃபிரேம் போட்ட சான்றிதழ் மாட்டியிருப்பாங்க. லிஃப்டுக்குள்ள பட்டன் கிடையாது, வெளியவே மாடி நம்பரை அமுக்கணும். ஆள் இல்லைன்னா லைட் தானா அணையும். எட்டு மணிக்கு மேல ஏசி வேணும்னா மொபைல் ஆப்ல முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். (அந்த ஆப் வேலை செஞ்ச நாட்களை விரல் விட்டு எண்ணிடலாம், அது தனிப் பதிவு.)

ராத்திரி பன்னெண்டேகாலுக்கு ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருத்தர் தண்ணி வாளியைத் தூக்கிக்கிட்டு படிக்கட்டுப் பக்கம் போயிருக்காங்க. சர்வீஸ் லிஃப்ட் அவங்க கார்டை ஏத்துக்கலை, அதனால படியில இறங்கலாம்னு. பின்னாடி கதவு சாத்திக்கிச்சு. திரும்ப எந்த மாடிக்குள்ள வரவும் கார்டு தேய்க்கணும். அவங்க கார்டோ சரியா பன்னெண்டு மணிக்குச் செத்துப் போச்சு. ஏன்னா மார்ச் 31-ஓட ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்ட் முடியுது. புது கான்ட்ராக்ட் கையெழுத்தாயிடுச்சு, ஆனா சிஸ்டத்துல யாரும் தேதியை மாத்தலை.

சரி, கீழ இறங்கி வெளிய போயிடலாமேன்னு கேப்பீங்க. இறங்கினாங்க. தரைத்தளக் கதவுல சங்கிலி போட்டுப் பூட்டியிருந்துச்சு. செல்போன் லாக்கர்ல. கான்ட்ராக்ட் ஆளுங்க மாடிக்கு போன் கொண்டு வரக்கூடாதுங்கிறது ரூல்.

ஒரு மணி தாண்டி எங்க டீம் பையன் ஒருத்தன் போன் பேசறதுக்குப் படிக்கட்டுக் கதவைத் திறந்தப்போதான் கீழே யாரோ தட்டுற சத்தம் கேட்டுச்சு. கிட்டத்தட்ட அம்பது நிமிஷம் அவங்க உள்ளேயே இருந்திருக்காங்க. நாங்க எல்லாம் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு தீவிரமா உலகத்தைக் காப்பாத்திக்கிட்டு இருந்தோம்.

தண்ணி குடுத்து உக்கார வெச்சப்போ அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு. "அசையாம உக்காந்தா லைட்டு நின்னுருது தம்பி. அதான் ஏறி எறங்கிக்கிட்டே இருந்தேன்."

அந்தப் படிக்கட்டு லைட்டுல ஆள் நடமாட்ட சென்சார். மின்சார சேமிப்பு. சான்றிதழ் குடுத்தவங்க அதுக்கும் ஒரு மார்க் போட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

கட்டடத்துக்குச் சான்றிதழ்ங்கிறது நமக்குப் புதுசு இல்லை. ஹைதராபாத்ல இருக்கிற சிஐஐ-சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை மையம், அமெரிக்காவுக்கு வெளியே 'லீட்' பிளாட்டினம் வாங்கின முதல் கட்டடம். 2004-ல் அப்போ குடியரசுத் தலைவரா இருந்த கலாம் திறந்து வெச்சது. அதுக்கப்புறம் பசுமைச் சான்றிதழ் இல்லாத ஐடி பார்க்கைப் பார்க்கிறதே அபூர்வம்ங்கிற அளவுக்கு வந்துட்டோம்.

அடுத்த அலை இப்போ 'டிஜிட்டல்' சான்றிதழ். 2013-ல் நியூயார்க்ல தொடங்கின 'வயர்டுஸ்கோர்', கட்டடத்துல இன்டர்நெட் வசதி எப்படி இருக்குன்னு அளந்துச்சு. அவங்களே 2021-ல் 'ஸ்மார்ட்ஸ்கோர்'னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. அமெரிக்காவில் யூஎல் நிறுவனமும் தொலைத்தொடர்புத் தொழில் சங்கமான டிஐஏவும் சேர்ந்து 'ஸ்பையர்'னு ஒண்ணு. ஐரோப்பிய யூனியன் 2018-ல் சட்டத்திலேயே 'ஸ்மார்ட் தயார்நிலைக் குறியீடு'ன்னு ஒண்ணைச் சேர்த்துச்சு. ஏசி, லைட், காற்றோட்டம், கார் சார்ஜிங்னு ஒன்பது பிரிவுகள். ஒவ்வொண்ணும் எவ்வளவு புத்திசாலின்னு பார்த்துக் கடைசியில் ஒரு சதவீதம் தரும்.

இதெல்லாம் வேண்டாம்னு நான் சொல்ல வரலை. சான்றிதழே இல்லைன்னா என்ன ஆகும்? வைஃபை வெச்ச ஒவ்வொரு பில்டரும் "உலகத்தரம் வாய்ந்த அதிநவீன ஸ்மார்ட் வளாகம்"னு ஹோர்டிங் வெப்பாரு. இந்த அளவுகோல்களைச் செஞ்சவங்க முட்டாள்களும் இல்லை. ஸ்பையர்ல சைபர் பாதுகாப்பு, உயிர் பாதுகாப்பு ரெண்டுமே தனித்தனித் தலைப்பா இருக்கு. ஸ்மார்ட்ஸ்கோரும் சைபர் பாதுகாப்பைப் பார்க்குது. ஒரே கம்பெனியோட பெட்டிக்குள்ள மாட்டிக்காம, எல்லா சிஸ்டமும் ஒண்ணோட ஒண்ணு பேசுற மாதிரி கட்டுங்கன்னு ஓனர்களை நெருக்குறதே பெரிய நன்மை.

என்னோட சண்டை வேற இடத்துல. இந்த மாதிரிச் சான்றிதழ்கள் பெரும்பாலும் பார்க்கிறது "என்ன என்ன இருக்கு?"ங்கிறதை. "இருக்கிறது வேலை செய்யுதா?" அடுத்த கேள்வி. "வேலை செய்யாம போனா என்ன ஆகும்?" யாரும் கேக்காத கேள்வி.

நம்ம ஆளுங்களுக்கு இது நல்லாப் புரியும். சிஎம்எம்ஐ லெவல் 5 பேனர் வாசல்ல தொங்கும். உள்ளே வந்து பார்த்தா ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் நேரா புரொடக்ஷன்ல கைவெச்சுக்கிட்டு இருப்பான் :-) பேப்பர் பொய் இல்லை. பேப்பர்ல இருந்த கேள்வி வேற, அவ்வளவுதான்.

எல்லாம் ஒழுங்கா நடக்கும்போது மட்டும் டெஸ்ட் பண்ணி ரிலீஸ் பண்ணினா மேனேஜர் நம்மளை உரிச்சுடுவாரு. நெட்வொர்க் போனா? டேட்டாபேஸ் செத்தா? தேதி தப்பா இருந்தா? இதையெல்லாம் கேக்கிறவன்தான் டெஸ்டர். ஒரு கட்டடத்தை அப்படி யார் டெஸ்ட் பண்றாங்க?

என் கையில் அதிகாரம் குடுத்தா (குடுக்க மாட்டாங்க, தைரியமா எழுதலாம்) சான்றிதழ் தர்றதுக்கு முன்னாடி அஞ்சு விஷயம் கேப்பேன்.

ஒண்ணு. சர்வரை அணை. மதிப்பீடு செய்ய வந்தவர் கண்ணு முன்னாடி, ஆளுங்க உள்ளே இருக்கும்போதே, ஒரு முழு நாள் அணைச்சு வை. கதவு திறக்குதா, லைட் எரியுதா, லிஃப்ட் ஓடுதான்னு பார். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, வெளியேறும் கதவு சாவி இல்லாமத் திறக்கணும்னு சொல்லுது. நாலு கோடி ரூபாய் சாஃப்ட்வேர் வந்தாலும் அந்த ஒரு வரிக்கு அப்புறம்தான்.

ரெண்டு. கரண்ட் பில்லைக் காட்டு. இதுக்கு நல்ல முன்மாதிரி இருக்கு. ஆஸ்திரேலியாவில் 'நேபர்ஸ்'னு ஒரு மதிப்பீடு, 1998-ல் வேற பேர்ல தொடங்கினது. டிசைன் என்ன சொல்லுதுன்னு அவங்க பார்க்கிறதில்லை. பன்னெண்டு மாசம் நிஜமா எவ்வளவு மின்சாரம் செலவாச்சுன்னு பார்த்து ஸ்டார் குடுப்பாங்க. ஒரு வருஷம்தான் செல்லுபடி. அடுத்த வருஷம் மறுபடி பரீட்சை. அங்கே 2010 முதல், பெரிய ஆபீஸ் கட்டடத்தை விக்கணும்னாலோ வாடகைக்கு விடணும்னாலோ அந்த ஸ்டாரை வெளிப்படையாச் சொல்லியே ஆகணும். ஏன் அவ்வளவு தூரம் போகணும்? நம்ம ஊர் பிஇஇ 2009-ல் ஆபீஸ் கட்டடங்களுக்குக் கொண்டு வந்த ஸ்டாரும் இப்படித்தான், ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு எத்தனை யூனிட் நிஜமாச் செலவாச்சுங்கிற கணக்கு. ஏசி மேல ஒட்டுற ஸ்டிக்கர் தெரிஞ்ச அளவுக்கு இது யாருக்கும் தெரியலைங்கிறதுதான் சோகம்.

மூணு. பூட்டு யார் கையில? கட்டட சிஸ்டங்கள் பேசிக்கிற 'பேக்நெட்'ங்கிற மொழி 1995-ல் தரநிலை ஆச்சு. ஒரு கட்டடத்துக்குள்ள தனியா ஓடுற ஒயருக்காக வடிவமைச்சது. உள்ளே இருக்கிறவன் எல்லாம் நல்லவன்ங்கிற நம்பிக்கை. பாதுகாப்பான இணைப்பு அதோட 2020 பதிப்புலதான் முறையாச் சேர்ந்துச்சு. நடுவுல என்ன ஆச்சு? 2013-ல் ரெண்டு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் கூகுளோட சிட்னி ஆபீஸ் கட்டடக் கட்டுப்பாட்டு சிஸ்டத்துக்குள்ளேயே நுழைஞ்சு காட்டினாங்க. காரணம், அப்டேட் போடலை. கூகுளுக்கே இந்த நிலைமைன்னா நம்ம பேஸ்மென்ட்ல தூசி படிஞ்சு கிடக்கிற கம்ப்யூட்டரை நினைச்சுப் பாருங்க. அதே வருஷம் அமெரிக்காவில் டார்கெட் கடைகள்ல சுமார் நாலு கோடி பேரோட கார்டு விவரம் திருடு போச்சு. திருடன் உள்ளே வந்த வழி, ஏசி வேலை பார்க்கிற கான்ட்ராக்டரோட பாஸ்வேர்டு. 2016-ல் ஃபின்லாந்துல லப்பேன்ரான்டா ஊர்ல இணையத் தாக்குதலால ரெண்டு குடியிருப்புகளோட ஹீட்டிங் நின்னு போச்சு. நவம்பர் மாசக் குளிர்ல.

கட்டடம் அம்பது வருஷம் நிக்கும். சாஃப்ட்வேருக்கு அஞ்சு வருஷம் ஆனா கிழவன். இந்த ரெண்டு ஆயுளையும் சேர்த்து வைக்கிற திட்டம் என்னன்னு எழுதிக் குடுக்காதவருக்கு சான்றிதழ் கிடையாது.

நாலு. என்னைப் பத்தி என்ன எழுதி வைக்கிறே? 2016 ஜனவரியில் லண்டன்ல 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகை ஆபீஸ்ல மேஜைக்கு அடியில சென்சார் பெட்டி வெச்சாங்க, ஆள் சீட்ல இருக்காரா இல்லையான்னு பார்க்க. விஷயம் வெளிய வந்து கூச்சல் கிளம்பினதும் அன்னிக்கே கழட்டிட்டாங்க. பத்திரிகைக்காரங்க, கத்தத் தெரியும். நம்ம ஐடி பார்க்ல மேஜைக்கு அடியில குனிஞ்சு பார்த்தவங்க எத்தனை பேர்? நாட்டுல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லயே நிறைவேறிடுச்சு. நீங்க எத்தனை தடவை டீ குடிக்கப் போனீங்கங்கிற கணக்கு யார்கிட்ட எவ்வளவு நாள் இருக்கும்ங்கிற பதில் லாபியில, அந்த ஃபிரேமுக்குப் பக்கத்துலயே மாட்டியிருக்கணும்.

அஞ்சு. இதுதான் எனக்கு முக்கியம். காவலாளியைக் கேளு. ஹவுஸ்கீப்பிங் அக்காவைக் கேளு. எலக்ட்ரீஷியனைக் கேளு. ஓனரும் கன்சல்டன்டும் குடுக்கிற பவர்பாயின்ட்டை மட்டும் பார்த்துட்டுப் போகாதே.

ஏன் இதை முக்கியம்ங்கிறேன்னா, அந்தச் சங்கிலியோட கதை எனக்கு அப்புறமாத் தெரிஞ்சது. தரைத்தளக் கதவுல இருந்த ஸ்மார்ட் பூட்டு கோளாறு. மூடியிருக்கும்போதே "கதவு திறந்திருக்கு"ன்னு ராத்திரி பூராவும் அலாரம் அடிக்கும். அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்ல பதிவாகும். ரிப்போர்ட்டைப் பார்த்து மேல இருக்கிறவங்க காவலாளி அண்ணனுக்கு மெமோ குடுத்தாங்க. அவரு பூட்டை மாத்தச் சொல்லி ரெண்டு தடவை சொல்லியிருக்காரு. ஒண்ணும் நடக்கலை. மூணாவது மெமோவுக்கு அப்புறம் சங்கிலியை இழுத்துக் கட்டிட்டாரு. கதவு அசையலை, அலாரம் நின்னுச்சு, ரிப்போர்ட் பச்சைக் கலர்ல வந்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம்.

அண்ணன் செஞ்சது தப்புதான். தீ கீ பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது. ஆனா அந்தச் சங்கிலியை அவர் கையில எடுத்துக் குடுத்தது யாரு? கதவைப் பார்க்காம திரையை மட்டும் பார்த்தவங்கதானே. மதிப்பீட்டாளர் ஒரு ராத்திரி வந்து அண்ணன்கூட ஒரு டீ குடிச்சிருந்தா பத்து நிமிஷத்துல இது வெளிய வந்திருக்கும்.

"இதெல்லாம் சான்றிதழ் குடுக்கிறவன் வேலையா? பராமரிப்பவன் வேலை"ன்னு ஒரு நண்பர் என்கிட்ட சண்டைக்கு வந்தாரு. நியாயமான கேள்விதான். என் பதில் இதுதான்: ஸ்மார்ட்ங்கிற பேரை லாபியில மாட்டி அதுக்கு வாடகை கூட வாங்கிறீங்க. கட்டி முடிச்ச அன்னிக்கு எடுத்த போட்டோவை வெச்சு காலம் பூராவும் வாடகை வாங்கக்கூடாது. ஆஸ்திரேலியாக்காரனால வருஷா வருஷம் பில்லைப் பார்க்க முடியுதுன்னா, மத்தவங்களால வருஷத்துக்கு ஒரு ராத்திரி கதவைத் தள்ளிப் பார்க்க முடியாதா?

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் கட்டட நிர்வாகத்துல இருந்து "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்"னு எல்லாருக்கும் ஒரு மெயில் வந்துச்சு. ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு வரலை. அவங்களுக்கு மெயில் ஐடி கிடையாது. சங்கிலியை எடுத்துட்டாங்க, நான் போய்ப் பார்த்தேன். அதுக்கப்புறம் நாங்களும் ஆபீஸ் மாறிட்டோம்.

உங்களுக்கு ஒரே ஒரு வேலை குடுக்கிறேன். நாளைக்கு ஆபீஸ் போனதும் லிஃப்டை விட்டுட்டு படிக்கட்டுல இறங்குங்க. கீழே கடைசிக் கதவைத் தள்ளுங்க. திறக்குதான்னு பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க. முடிஞ்சா ராத்திரி பத்து மணிக்கு மேல போய்ப் பாருங்க, பகல்ல எல்லாக் கதவும் நல்ல கதவுதான்.

டிஸ்கி: எந்தக் கட்டடம், எந்தச் சான்றிதழ்னு தனிமடல்ல கேக்காதீங்க, சொல்லமாட்டேன். உங்க கட்டடத்தையே முதல்ல பாருங்க :-)