கம்பிக் கவசமும் கல்லூரிக் கனவும்

ஏற்காட்டு மலையிலிருந்து குப்பனூர்ச் சாலை வழியாக இறங்கி நம் மருத்துவமனைக்கு வருவோரில் பலர், காப்பியும் மிளகும் விளையும் தோட்டங்களில் உழைக்கும் குடும்பத்தினர். சென்ற மாதம் அப்படி ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்தார். பதினைந்து வயதுப் பெண். இடது கண்ணுக்குக் கீழே கன்னம் கறுத்து வீங்கியிருந்தது. பள்ளியின் சாஃப்ட்பால் அணியில் மூன்றாம் தளத்தைக் காப்பவள். எதிரணியினர் அடித்த பந்து தரையில் பட்டு எழும்பி முகத்தில் மோதியிருக்கிறது. நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை, பார்வைக்கும் குறைவில்லை.

“வீக்கம் வற்றி, நான் சொன்ன பிறகு ஆடலாம் கண்ணு. ஆனால் இனிமேல் முகத்துக்குக் கம்பிக் கவசம் அணிந்துகொண்டுதான் ஆட வேண்டும்” என்றேன். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தாய்தான் பேசினார்: “அதப் போட்டுக்கிட்டு நின்னா பயந்தவன்னு ஒதுக்கிடுவாங்களாம் டாக்டர். அடுத்து மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கப் போறாங்க. அதுல வந்தாத்தானுங்க நாளைக்குக் காலேஜுல வெளையாட்டுக் கோட்டாவுல எடம் கேக்க முடியும்.”

அச்சொற்களை எளிதாகத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டில் சிறந்தோருக்கென 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அரசுப் பணியிலும் 3 விழுக்காடு இடம் உண்டு. தோட்டத்துக் கூலியில் வாழும் ஒரு வீட்டுக்கு இவை பெரிய கதவுகள். அக்கதவு தம் மகளுக்கு மூடிவிடுமோ என்று ஒரு தாய் அஞ்சுவதில் பிழையொன்றும் இல்லை. ஆயினும், முகத்தைக் காப்பது வாய்ப்பைக் கெடுக்கும் என்ற எண்ணம் பிழையானது என்பதே என் உறுதியான கருத்து. வெளி நோயாளர் பிரிவின் கூட்டத்தில் அன்று விரித்துச் சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன்.

முகக்கவசம் என்றதும் 2020-ஆம் ஆண்டின் துணிக்கவசம் நினைவுக்கு வரலாம். நான் சொல்வது கண், மூக்கு, பற்கள், தாடை ஆகியவற்றுக்கு முன்னால் கம்பி வளைவாக நிற்கும் இலேசான கவசம். சாஃப்ட்பால் என்ற பெயரில் மென்மை உண்டு. பந்தில் அது இல்லை. அதன் எடை ஏறக்குறைய 180 முதல் 200 கிராம் வரை. கிரிக்கெட் பந்தைவிடக் கூடுதல். மகளிர் ஆட்டத்தில் பந்து வீசும் இடத்துக்கும் மட்டையாளர் நிற்கும் தளத்துக்கும் இடையே 13.11 மீட்டர்தான். பந்தை வீசி முடிக்கையில் வீசுபவர் ஓரடி முன்னே வந்துவிடுவதால், அத்தொலைவு ஏறத்தாழ 12 மீட்டராகக் குறைகிறது. அடிபட்ட பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், அவர் முகத்தை அடைய அரை நொடிகூட ஆகாது. கண் கண்டதை மூளை உணர்ந்து கை அசையத் தொடங்குவதற்கே ஏறக்குறைய கால் நொடி வேண்டும். எஞ்சியிருக்கும் நேரத்தில் துணிச்சல் என்ன செய்துவிடும்? மூன்றாம் தளத்தில் நிற்பவரும் மட்டையாளரின் மெதுவான தட்டலை எதிர்பார்த்து முன்னேறி வரும்போது ஏறக்குறைய இதே நிலைக்கு வந்துவிடுகிறார்.

முகத்தின் எலும்புகளுள் மிக எளிதில் முறிவது மூக்கெலும்பு. கண்குழியின் அடித்தளமோ காகித அட்டை போல் மெல்லியது. அது உடைந்து கண்ணை அசைக்கும் தசை இடையில் சிக்கினால் பார்வை இரட்டையாகத் தெரியும். சிறார்களுக்கு வெளியே வீக்கம் அதிகம் தெரியாமலேயே இது நேரக்கூடும். அப்போது தாமதமின்றி அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும். இவற்றைப் பார்க்கும் கண்களோடுதான் நான் கவசத்தைப் பரிந்துரைக்கிறேன்.

இனி, “பயந்தவள்” என்ற சொல்லுக்கு வருவோம். அதே அணியில் மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்து பிடிக்கும் பெண் முகக்கவசம் அணிந்திருக்கிறாள். மட்டையாளர் தலைக்கவசம் அணிந்திருக்கிறார். அவர்களை யாரும் கோழை என்பதில்லை. நம் நாட்டு மகளிர் ஹாக்கி அணி 2021 ஆகஸ்ட் 2 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 1–0 என்று வென்று முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது. அன்று வலையைக் காத்த சவிதா புனியாவின் முகம் கவசத்துக்குள்தான் இருந்தது. பெனால்டி கார்னரைத் தடுக்க ஓடிவரும் வீராங்கனைகளும் முகக்கவசம் அணிகிறார்கள். அவ்வெற்றியில் யார் கண்டார் அச்சத்தை?

கிரிக்கெட் இப்பாடத்தை நெடுங்காலம் எடுத்துக்கொண்டு, பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1962-இல் பார்படாஸில் இந்திய அணித்தலைவர் நாரி கான்ட்ராக்டரின் தலையில் பந்து பட்டு மண்டையோடு உடைந்தது. உயிர் பிழைத்தாரேனும் அவர் மறுபடி டெஸ்ட் போட்டியில் ஆடவில்லை. அதே பார்படாஸில், 1978-இல், ஆஸ்திரேலியாவின் கிரகாம் யாலப் டெஸ்ட் போட்டியொன்றில் முதன்முதலாகத் தலைக்கவசம் அணிந்து களமிறங்கியபோது, பார்வையாளர்கள் ஏளனம் செய்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1998 பிப்ரவரியில், டாக்காவில் நடந்த ஒரு சங்கப் போட்டியில் இந்தியாவின் ராமன் லாம்பா மட்டையாளருக்கு மிக அருகில் பந்து தடுக்க நின்றார். அந்த ஓவரில் மூன்று பந்துகளே எஞ்சியிருந்தன. அதற்காகக் கவசம் எதற்கு என்று வேண்டாம் என்றுவிட்டார். அடித்த பந்து தலையில் பட்டது. பிப்ரவரி 23 அன்று, 38-ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார். 2023 ஜூன் 1 முதல், பன்னாட்டுப் போட்டிகளில் வேகப்பந்தை எதிர்கொள்ளும் மட்டையாளருக்கும் மட்டையாளருக்கு முன்னால் நெருங்கி நிற்கும் தடுப்பாளருக்கும் தலைக்கவசம் கட்டாயம். ஒரு காலத்தில் ஏளனத்துக்கு உள்ளானது இன்று விதியாகியிருக்கிறது.

தேர்வாளர்களுள் கவசத்தைக் குறையாக எண்ணுவோர் ஒருவரும் இல்லை என்று நான் உறுதி கூறமாட்டேன். பழைய எண்ணங்கள் எத்துறையிலும் மெல்லத்தான் விலகும். சாஃப்ட்பால் திறமையால் பெண்கள் கல்லூரி உதவித்தொகை பெறும் அமெரிக்காவிலும் பெற்றோர்க்கு இதே ஐயம் எழுந்ததுண்டு. இன்றோ, அங்குள்ள கல்லூரி மகளிர் ஆட்டங்களில் கவசம் அணிந்த தடுப்பாளர்களைக் காண்பது இயல்பாகிவிட்டது. நம் ஊரில் கல்லூரி இடத்துக்கான மதிப்பீடு சான்றிதழ்களை வைத்தே நடைபெறுகிறது: எந்நிலைப் போட்டி, அதில் பெற்ற இடம் எது என்பவையே கணக்கு. ஆடியபோது முகம் திறந்திருந்ததா என்று எச்சான்றிதழிலும் எழுதப்படுவதில்லை.

அணித் தேர்வில் மட்டும் ஒருவரது கண் நம் பிள்ளையை அளக்கிறது. அக்கண் எதைத் தேடுகிறது? பந்து வரும் திசையை முன்கூட்டி உணர்தல், விரைவான கால், தவறாத எறிதல். அச்சம் என்று அது குறித்துக்கொள்வது ஒன்றைத்தான்: பந்து எழும்பி வரும் கணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதை. ஒருமுறை கன்னத்தில் அடிபட்ட பிள்ளை, தான் அறியாமலே முகத்தைத் திருப்புவாள். உடலின் இயல்பு அது. அதட்டி மாற்ற இயலாது. முகம் காக்கப்பட்டிருக்கிறது என்று உணர்ந்தவளோ பந்தைக் கையுறைக்குள் சேரும்வரை நேராகப் பார்ப்பாள். ஆகவே அந்தத் தாயிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: கவசம் உங்கள் மகளின் பயத்தை ஊருக்குக் காட்டாது, அவளது திறமையைத் தேர்வாளர் காணாமல் பயம் மறைத்துவிடுவதையே அது தடுக்கும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. முதல் சில நாள்கள் கம்பி பார்வையை உறுத்தும். ஆகையால் தேர்வு நாளில் முதன்முறையாக அணியாமல், பயிற்சியிலேயே பழக வேண்டும். முகத்துக்குப் பொருந்தாத கவசம் பயன்படாது. மூளை அதிர்ச்சியை அது முற்றிலும் தடுத்துவிடும் என்று எண்ணவும் கூடாது. ஆறாத காயத்தை மறைத்து ஆடுவதற்கான வழியும் அன்று அது.

அடிபட்டுவிட்டால், கண்ணைத் தேய்க்கவோ அழுத்தவோ வேண்டாம்; மூக்கைச் சிந்தவும் வேண்டாம். பார்வை மங்குதல், இரட்டையாகத் தெரிதல், மேலே பார்க்கையில் வலி, வாந்தி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான உறக்கம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். நிலையான பல் வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்துப் பாலில் இட்டு, கூடுமானால் அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

இறுதியாக, உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு பிள்ளை மட்டும் கவசம் அணிந்து நின்றால்தான் அவள் தனித்துத் தெரிகிறாள். பந்து வீசுபவர், முதல் தளம், மூன்றாம் தளம் ஆகிய மூவருக்கேனும் பள்ளியே கவசம் வாங்கி வைத்து, அதை அணிந்தே ஆட வேண்டும் என்று விதி வகுத்துவிட்டால், “பயந்தவள்” என்ற சொல்லுக்கு இடமே இராது. பந்தும் மட்டையும் வாங்கும் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி கண்ணையா கல்லூரியையா என்று தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஆளாகக் கூடாது. இரண்டையும் அவளுக்குக் கொடுப்பது பெரியவர்களாகிய நம் கடமை.

அப்பெண் மறுபரிசோதனைக்கு வரவேண்டிய நாள் நெருங்குகிறது. வரும்போது இம்மடலை அவள் தாயின் கையில் கொடுத்து, பயிற்சியாளரிடமும் காட்டச் சொல்ல எண்ணியிருக்கிறேன்.